அட்டையில் ஒரு ஸ்டேஷன்: மாதிரி ரயிலுக்குக் கட்டடங்களைக் கையால் செய்வது

கையால் செய்த கட்டடம் பொம்மை மாதிரித் தெரிந்தால், பெரும்பாலும் குற்றம் வண்ணத்தில் இருக்காது, தடிமனில் இருக்கும். 2 மி.மீ அட்டையை அப்படியே கூரையாக வைத்தால், எச்.ஓ. விகிதத்தில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவு) அது 17 செ.மீ தடித்த பலகை. 1.5 மி.மீ குச்சியில் ஜன்னல் கம்பி செய்தால் நிஜத்தில் அது 13 செ.மீ மரக்கட்டை. பார்ப்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆனாலும் எங்கோ உதைக்கிறது என்று கண் சொல்லிவிடும். அதனால் ஒவ்வொரு துண்டையும் ஒட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது நிஜத்தில் எத்தனை செ.மீ?

கணக்கு எளிது. எச்.ஓ. என்பது 1:87, அதில் 1 மீட்டர் 11.5 மி.மீ ஆகும். ஓ.ஓ. 1:76 என்பதால் 1 மீட்டர் 13.1 மி.மீ. ‘என்’ (N) எனப்படும் விகிதம் 1:160, அதில் 1 மீட்டர் 6.25 மி.மீ. எச்.ஓ., ஓ.ஓ. இரண்டும் 16.5 மி.மீ தண்டவாளத்திலேயே ஓடுவதால் இரண்டுக்கும் ஒரே கட்டடம் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டட அளவில் ஏறக்குறைய 14 சதவீத வித்தியாசம் வரும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதவு உயரமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஓ.ஓ. அமைப்பில் பின்சுவரை ஒட்டி எச்.ஓ. கட்டடத்தை வைத்தால் அது தள்ளி நிற்பதாகத் தோன்றும். அந்தக் குறையை அப்படிச் சாதகமாக்கிக்கொள்ளலாம்.

கீழே உள்ள அளவுகள் எல்லாம் எச்.ஓ.வுக்கு. எடுத்துக்காட்டு, மாடி இல்லாத ஒரு சிறிய ஸ்டேஷன் கட்டடம்: நீளம் 120 மி.மீ, அகலம் 70 மி.மீ, இறவாரம் வரை சுவர் உயரம் 40 மி.மீ, முகடு 60 மி.மீ. நிஜத்தில் ஏறக்குறைய 10.4 மீட்டருக்கு 6.1 மீட்டர்.

அளவு எடுப்பதும் சுருக்குவதும்

நிஜக் கட்டடம் ஒன்றைப் பார்த்துச் செய்வதானால் வரைபடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 1 மீட்டர் குச்சியில் 10 செ.மீக்கு ஒருமுறை கறுப்பு வெள்ளை மாற்றி அடித்து, சுவரில் சாய்த்து வைத்துப் படம் எடுங்கள். சுவருக்கு நேர் எதிரே, தள்ளி நின்று, ஜூம் வைத்து எடுக்க வேண்டும். கிட்டே நின்று மேலே பார்த்து எடுத்தால் சுவர் உச்சியில் குறுகும், அளவு பொய் சொல்லும். செங்கல் சுவராக இருந்தால் இன்னும் சுலபம். ஒரு வரியின் உயரத்தைச் சாந்தோடு சேர்த்து அளந்துகொண்டு, பிறகு வரிகளை எண்ணிவிடலாம். 65 மி.மீ செங்கல்லும் 10 மி.மீ சாந்தும் என்றால் வரிக்கு 75 மி.மீ, 40 வரி 3 மீட்டர். படம் எடுப்பது பொதுமக்கள் நிற்கும் இடத்திலிருந்து மட்டும். தண்டவாளத்தில் இறங்கக் கூடாது.

நிஜ அளவை அப்படியே சுருக்கினால் வீட்டில் இடம் போதாது. 40 மீட்டர் சரக்குக் கொட்டகை எச்.ஓ.வில் 46 செ.மீ வரும். சுருக்கும்போது மொத்தக் கட்டடத்தையும் ஒரே அளவுக்குக் குறுக்கிவிடாதீர்கள். கதவு, ஜன்னல், படி, மனிதர் தொடும் எதுவும் சரியான விகிதத்தில் இருக்கட்டும். எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள்: எட்டு வளைவுக்கு ஐந்து, ஆறு ஜன்னலுக்கு மூன்று. 1.7 மீட்டர் மனித உருவம் 19.5 மி.மீ. அது கதவருகே நின்றால் தலைக்கு மேல் 4, 5 மி.மீ இடம் இருக்க வேண்டும்.

நல்ல அட்டையை வெட்டுவதற்கு முன், பிஸ்கட் டப்பா அட்டையில் ஒரு வெறும் பெட்டி செய்து ஒரு வாரம் இடத்தில் வைத்திருங்கள். ரயில் மறைகிறதா, பாயின்ட் மோட்டாருக்கு (தடம் மாற்றும் மோட்டார்) கை போகிறதா, கூரை கண்ணுக்கு முன்னால் நின்று பின்னால் உள்ளதை மறைக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். குழந்தைகள் ஆர்வமாகச் செய்யக்கூடிய வேலை இது. கத்தரிக்கோலும் செலோ டேப்பும் போதும்.

எந்தப் பொருள்

முதல் கட்டடத்துக்கு 1 மி.மீ அடர்த்தியான சாம்பல் அட்டை. இரண்டு தாள் ஒட்டி 2 மி.மீ சுவர். ஏன் ஒரே 2 மி.மீ அட்டை அல்ல என்பது ஜன்னல் பகுதியில் தெரியும்.

ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாள் சுத்தமாக வெட்டுப்படும், ஈரத்துக்கு அஞ்சாது. அதை முழுவதும் அறுக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு முறை லேசாகக் கீறி, கோட்டில் மடக்கினால் டக்கென்று உடையும். ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் மெல்லிய திரவம். துண்டுகளை முதலில் சேர்த்துப் பிடித்து, இணைப்பின் உள்பக்கத்தில் தூரிகை நுனியால் தொட்டால் திரவம் தானே இடுக்கில் ஓடிவிடும். இரண்டு பெரிய தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டும்போதுதான் ஆபத்து. நடுவில் சிக்கிய ஆவி வெளியேற வழியில்லாமல் நாட்கணக்கில் பிளாஸ்டிக்கை இளக்கும். இன்று நேராக இருந்த சுவர் சில வாரம் கழித்து வில்லாக வளைந்திருக்கும். உள்தாளில் 15 மி.மீக்கு ஒன்றாக 2 மி.மீ துளைகள் போட்டுவிட்டு ஒட்டினால் இது வராது. ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். இந்தத் திரவம் இருக்கும் மேசையில் குழந்தைகளை உட்கார வைக்காதீர்கள்.

ஃபோம் போர்டு பெரிய கட்டடங்களின் உள்கூட்டுக்கு மட்டும். சாதாரண சூப்பர் க்ளூவும் பெரும்பாலான ஸ்ப்ரே பெயின்ட்டும் நடுவில் உள்ள நுரையைத் தின்றுவிடும்.

கருவிகள் குறைவு: நுனி முறிக்கும் கட்டரோ அறுவைக் கத்தியோ, இரும்பு ஸ்கேல், மூலைமட்டம், வெட்டுப் பாய், கூர் பென்சில், 240 உப்புத்தாள், வெள்ளை பி.வி.ஏ. பசை. கத்தி அலகை ஒரு சுவருக்கு ஒன்று என்று மாற்றத் தயங்காதீர்கள். மழுங்கிய அலகு அட்டையை வெட்டாது, கிழிக்கும். அழுத்தம் கூடும், ஸ்கேலை விட்டு வழுக்கும், விரலில் ஏறும். பழைய அலகுகளை மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

சுவரும் ஜன்னலும்

முன்சுவரைக் கவனமாகப் பார்ப்போம், மற்றவை அதே முறைதான்.

நீளம் 120. இரண்டு கதவு, மூன்று ஜன்னல். ஜன்னல் 10 மி.மீ அகலம், 16 உயரம். கதவு, மேலே உள்ள சிறு கண்ணாடியோடு சேர்த்து 11.5-க்கு 26. திறப்புகள் மொத்தம் 53 மி.மீ, மீதி 67. நடுவில் நான்கு இடைவெளி தலா 11, இரண்டு ஓரங்கள் தலா 11.5. ஜன்னல் அடி தரையிலிருந்து 10 மி.மீயில் (நிஜத்தில் 87 செ.மீ). அப்போது ஜன்னல் தலையும் கதவுத் தலையும் ஒரே கோட்டில், 26-ல் வரும். நிஜக் கட்டடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். இந்தக் கோடு ஒரு மி.மீ பிசகினாலும் முகப்பு முழுவதும் சாய்ந்த மாதிரி இருக்கும்.

சுவர் உயரத்தை 40 என்று வெட்டாதீர்கள், 44 வெட்டுங்கள். கீழ் 4 மி.மீ மண்ணுக்குள் போக. இதை விட்டுவிட்டு, முடிந்த கட்டடத்தைப் புல் தூவிய பலகை மேல் வைத்தால் அடியில் ஒரு கறுப்பு இடுக்கு தெரியும். கட்டடம் மிதக்கும். எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாலும் அந்த ஒரு கோடு போதும், எல்லாவற்றையும் கெடுக்க.

1 மி.மீ அட்டையில் முன்சுவரை இரண்டு முறை வரையுங்கள். வெளித்தாளில் திறப்புகள் சரியான அளவில். உள்தாளில் ஒவ்வொரு திறப்பும் நான்கு பக்கமும் 3 மி.மீ பெரிதாக. இரண்டையும் ஒட்டியதும் உள்ளே இருந்து பார்த்தால் ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் 3 மி.மீ படி இருக்கும். கண்ணாடித் தாள் அந்தப் படியில் உட்காரும். வெளியே இருந்து பார்த்தால் கண்ணாடி சுவர் முகத்திலிருந்து 1 மி.மீ உள்ளே இருக்கும், அதாவது நிஜத்தில் 9 செ.மீ. அந்த நிழல்தான் சுவருக்குக் கனத்தைக் கொடுக்கிறது. ஜன்னலை அச்சடித்த தாள் வெறுமனே சுவரில் ஒட்டியிருந்தால் இந்த நிழல் கிடைக்காது.

வெட்டும் வரிசை முக்கியம். முதலில் திறப்புகள், கடைசியில் வெளிவிளிம்பு. தாள் பெரிதாக இருக்கும்போது கையில் பிடிக்க இடம் இருக்கும், மெல்லிய ஓரம் முறியாது. ஒவ்வொரு வெட்டையும் மூலையில் கத்தி நுனியைக் குத்தி ஆரம்பித்து நடுவரை இழுங்கள். பிறகு தாளைத் திருப்பி எதிர் மூலையிலிருந்து நடுவரை. மூலையைத் தாண்டி வெட்டினால் அந்தக் கீறல் வண்ணத்துக்குப் பிறகும் தெரியும். ஒரே இழுப்பில் வெட்ட நினைக்க வேண்டாம், நான்கைந்து லேசான இழுப்பு. கத்தியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்ந்தால் பின்பக்கத் திறப்பு முன்பக்கத்தை விடப் பெரிதாகும்.

ஒட்டும்போது இரண்டு தாளின் இழை ஓட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். அட்டையை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த மடிப்புக் கோட்டின் திசையில் இழை ஓடுகிறது. ஒன்று நெடுக்காகவும் மற்றது குறுக்காகவும் ஒட்டினால், காயும்போது ஒன்று அதிகம் சுருங்கி மற்றதை இழுத்து வளைக்கும். பசையை மெல்லிசாகப் பழைய அட்டைத் துண்டால் வழித்துப் பரப்பி, பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து, கனமான புத்தகங்களின் அடியில் ஒரு இரவு விடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் மறுபடி நிமிர்த்துவது கஷ்டம்.

காய்ந்ததும் வெளிப்பக்கம், உள்பக்கம், வெட்டு விளிம்பு எல்லாவற்றிலும் ஷெல்லாக் வார்னிஷ் ஒரு கை. இது அலங்காரத்துக்கு அல்ல. அக்ரிலிக் வண்ணத்தில் தண்ணீர் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஈரம் உறிஞ்சினால் அட்டை கிண்ணமாகக் குழியும். சீல் செய்த விளிம்பைக் காய்ந்த பிறகு உப்புத்தாளால் தேய்த்தால் பஞ்சு பஞ்சாக நிற்கும் இழை போய், பிளாஸ்டிக் மாதிரிச் சுத்தமாகும்.

பக்கச் சுவரில் ஒரு பொறி

நீளச் சுவர்கள் முழு 120 இருக்கட்டும், பக்கச் சுவர்கள் அவற்றுக்கு நடுவில் அடங்கட்டும். அப்போதுதான் முகப்பில் அட்டையின் வெட்டு விளிம்பு தெரியாது. எனவே பக்கச் சுவரின் அகலம் 70 அல்ல, 2 மி.மீ தடிமன் இரண்டைக் கழித்து 66.

இங்கேதான் பலருக்குக் கூரை உட்காராமல் போகும். கூரைச் சரிவு, வெளி விளிம்பில் 40-ல் தொடங்கி நடுவில் 60-க்கு ஏறுகிறது: 35 மி.மீ போக 20 ஏற்றம். பக்கச் சுவரோ 2 மி.மீ உள்ளே தள்ளித் தொடங்குகிறது. அந்த இடத்தில் சரிவு ஏற்கெனவே 41.1-ல் இருக்கும். ஆகவே பக்கச் சுவரின் ஓர உயரம் 41, முகடு 60 (அஸ்திவாரம் 4 தனி). 40 என்று வெட்டினால் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கு, உள்ளே விளக்கு எரியும்போது பளிச்சென்று தெரியும். நீளச் சுவரின் மேல் விளிம்பும் இதே சரிவில் இருக்க வேண்டும். அதனால் அதன் உள்தாளை மட்டும் 1 மி.மீ உயரமாக வெட்டிக்கொண்டு, ஒட்டிய பிறகு வெளி விளிம்பு 40-ல் நிற்க, உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்துவிடுங்கள்.

அடித்தளத்துக்கு 116-க்கு 66 அட்டை ஒன்று. அதைச் சுற்றிச் சுவர்களை நிறுத்தினால் கட்டடம் தானே சதுரமாகும். பசை காய்வதற்கு முன் மூலைக்கு மூலை இரண்டு விட்டத்தையும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்பக்க மூலைகளில் 5 மி.மீ சதுரக் குச்சி. நடுவில் பக்கச் சுவர் வடிவிலேயே ஒரு குறுக்குச் சுவர் போடுங்கள். நீளச் சுவர் நாளடைவில் உள்வாங்காது. அதோடு, முன்ஜன்னல் வழியாகப் பார்த்தால் பின்ஜன்னல் தெரிந்து கட்டடம் காலிப் பெட்டி என்று காட்டிக்கொடுப்பதும் நிற்கும்.

கண்ணாடியும் கம்பியும்

0.25 மி.மீ தெளிந்த அசிடேட் தாள். அதன் அடியில் ஜன்னல் வரைபடத்தை வைத்து, ஊசியால் கம்பிகளைக் கீறுங்கள். வெள்ளை அக்ரிலிக்கை விரலால் தேய்த்துக் கீறலில் நிரப்பி, உடனே ஈரத் துணியால் மேலே உள்ளதைத் துடைத்துவிடுங்கள். கிடைக்கும் கோடு 0.3 மி.மீ அளவில் இருக்கும், நிஜத்தில் 26 மி.மீ. உண்மையான ஜன்னல் கம்பி அகலமும் ஏறக்குறைய அதுதான். இந்த மெல்லிய கோட்டைக் குச்சி ஒட்டிக் கொண்டுவர முடியாது. வெளிச் சட்டத்துக்கு, வண்ணம் அடித்த ஸ்டிக்கர் தாளை 0.6 மி.மீ நாடாவாக வெட்டி ஒட்டலாம்.

கண்ணாடி ஒட்ட பி.வி.ஏ. மட்டும். சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் பனி மாதிரிப் படியும், துடைத்தாலும் போகாது. சுவருக்கு வண்ணம் முழுவதும் அடித்து முடித்த பிறகே கண்ணாடி. இந்த வரிசையை மாற்றியவர்கள் ஜன்னல் ஜன்னலாகச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள்.

கூரை

சரிவு நீளத்தைக் கண்ணளவில் வெட்டாதீர்கள். 35-ன் வர்க்கமும் 20-ன் வர்க்கமும் கூட்டி மூலம் எடுத்தால் 40.3. இறவாரம் 4 மி.மீ கூடுதலாக வெளியே வர, ஒவ்வொரு பக்கமும் 45; நீளம் 126. 1 மி.மீ அட்டை, இறவார விளிம்பை அடிப்பக்கம் சாய்வாகத் தேய்த்து முனையில் அரை மி.மீ ஆக்குங்கள். கட்டடத்தைப் பார்ப்பவர் முதலில் பார்ப்பது இந்த விளிம்பைத்தான், ஏனென்றால் மாதிரி ரயிலை எல்லோரும் மேலிருந்து பார்க்கிறார்கள்.

கூரையைச் சுவரோடு ஒட்டிவிடாதீர்கள். என்றாவது விளக்கு எரியாமல் போகும், கண்ணாடி கழன்று விழும், அப்போது கை உள்ளே போக வேண்டும். 2 மி.மீ அட்டையில் மூன்று தாங்கிகள் வெட்டுங்கள்: அகலம் 65, முகடு வரை 18.5 உயர முக்கோணம், அதற்குக் கீழே 6 மி.மீ நேரான விளிம்பு. இரண்டு பக்கச் சுவர்களை ஒட்டி உள்ளே ஒவ்வொன்று, குறுக்குச் சுவருக்குப் பக்கத்தில் ஒன்று. இவற்றின் மேல் கூரையை ஒட்டினால் மூடி மாதிரி எடுத்து எடுத்து வைக்கலாம், வழுக்காது.

ஸ்லேட் ஓடு என்றால் சாதாரண 80 கிராம் எழுதும் தாள் போதும். 5 மி.மீ நாடாக்களாக வெட்டி, 3 மி.மீக்கு ஒரு வெட்டு, பாதி உயரம் வரை. கூரையில் 2.5 மி.மீக்கு ஒரு பென்சில் கோடு. இறவாரத்தில் முதலில் வெட்டில்லாத ஒரு நாடா. அதில்லாமல் முதல் வரி தொங்கும். பிறகு கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரியையும் முந்தையதிலிருந்து அரை ஓடு, அதாவது 1.5 மி.மீ, தள்ளி. பக்கத்துக்கு 18 வரி, மொத்தம் நாலரை மீட்டர் நாடா, ஏறக்குறைய 1,500 வெட்டு. ஒரே நாளில் முடிப்போம் என்று உட்காராதீர்கள். கடைசி வரிகள் கோணலாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வெட்டுவது பெரியவர், ஒட்டுவது சிறியவர் என்று வைத்துக்கொண்டால் சலிக்காது. ஒன்றிரண்டு ஓடு பிசகினால் விட்டுவிடுங்கள், பழைய கூரை அப்படித்தான் இருக்கும். வரி மட்டும் நேராக இருக்க வேண்டும். முகட்டில் 5 மி.மீ நாடாவை நடுவில் மடித்து, 5 மி.மீ துண்டுகளாக ஒட்டுங்கள்.

அவ்வளவு பொறுமை இல்லையா, தகரக் கூரை போடலாம். பிளாட்பாரம் பக்கத்துச் சார்ப்புக்கு அதுவே பொருத்தம். நெளிவுத் தகரத்தின் நெளிவுக்கு நெளிவு 76 மி.மீ என்றால் எச்.ஓ.வில் 0.87. எம்5 போல்ட்டின் மரை 0.8 மி.மீ இடைவெளியில் இருக்கிறது, கிட்டத்தட்ட அதே. ஓ.ஓ.வுக்கு எம்6, அதன் மரை சரியாக 1 மி.மீ. கொஞ்சம் மெத்தென்ற ரப்பர் மேல் தடித்த அலுமினியத் தாளை வைத்து, முழு நீளம் மரை போட்ட கம்பியை அழுத்தி உருட்டினால் நெளிவு விழும். மரை திருகாக ஓடுவதால் நெளிவு மூன்று டிகிரி அளவுக்குச் சாய்ந்து வரும். கவலை வேண்டாம்: தாளின் ஓரத்தைப் பார்த்து வெட்டாமல் நெளிவுக்குச் செங்குத்தாக மூலைமட்டம் வைத்து வெட்டுங்கள். 8.5-க்கு 20 மி.மீ துண்டுகள், ஒரு நெளிவு ஒன்றின் மேல் ஒன்று ஏற. முழுச் சார்ப்பையும் ஒரே தகடாகப் போட்டால் நிஜத்தில் 10 மீட்டர் அகலத் தகடு ஆகிவிடும்.

வண்ணம்

முதல் கட்டடத்துக்குச் செங்கல் வேண்டாம், பூச்சுச் சுவரே நல்லது. சொரசொரப்புக்காக மணல் தூவாதீர்கள். அரை மி.மீ மணல் துகள் இந்த விகிதத்தில் 4 செ.மீ ஜல்லி. மங்கல் வண்ணத்தில் கொஞ்சம் டால்கம் பவுடர் கலந்து தூரிகையால் ஒற்றினாலே போதும்.

செங்கல் வேண்டுமென்றால் புடைப்புச் செங்கல் பதித்த பிளாஸ்டிக் தாள். வெளித்தாளுக்குப் பதில் அதையே வைக்கலாம். மூலையில் இரண்டு சுவரின் வரிகளும் ஒரே மட்டத்தில் சந்திக்கிறதா என்று வெட்டும் முன்பே பாருங்கள். செங்கல் நிறம் அடித்து ஒரு நாள் காய விட்டு, வெளிர் சாம்பலும் மணல் நிறமும் கலந்து தண்ணீராக்கிய வண்ணத்தைச் சுவர் முழுக்க ஓட விட்டு, வரிகளுக்குக் குறுக்கே சாய்வாகத் துணியால் துடைத்தால் சாந்து மட்டும் பள்ளத்தில் தங்கும். வரி ஓடும் திசையிலேயே துடைத்தால் சாந்தும் கூட வந்துவிடும். அங்கங்கே சில கற்களை மட்டும் மூன்று விதக் கலர் பென்சிலால் தொட்டுவிடுங்கள். இதற்குப் பத்து வயதுக் கை பெரியவர் கையை விட நன்றாக இருக்கும்.

சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் வேண்டாம். சின்னக் கட்டடத்தில் அவை குத்தும்; கறுப்புக்கு அடர் சாம்பல், வெள்ளைக்குத் தந்தம். எல்லாம் முடிந்ததும் மேட் வார்னிஷ். பளபளப்பு இருந்தால் பிளாஸ்டிக் என்று கத்தும். அழுக்கு எங்கே சேரும் என்று யோசித்துப் போடுங்கள்: சுவரின் அடியில் மண் தெறித்த பழுப்பு, ஜன்னல் விளிம்பின் இரு முனையிலும் கீழே வழிந்த கறை, நீராவி எஞ்சின் நிற்கும் இடத்தில் கூரையடியில் கரி. எல்லா இடத்திலும் சமமாகப் பூசினால் அது அழுக்கு அல்ல, வேறு நிறம்.

ரயில் இடிக்காமல்

கட்டடத்தையும் பிளாட்பாரத்தையும் நிரந்தரமாக ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை. உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை எடுங்கள். வளைவில் அதன் நடுப்பகுதி உள்பக்கம் பிதுங்கும், முனைகள் வெளிப்பக்கம் பிதுங்கும். பெட்டியின் நடுவில் ஒரு பென்சிலும் முன்மூலையில் ஒரு பென்சிலும், முனை பலகையைத் தொடும்படி டேப்பால் கட்டி, கையால் மெதுவாகத் தள்ளுங்கள். பலகையில் இரண்டு கோடு விழும். ஒவ்வொன்றுக்கும் வெளியே 3 மி.மீ விட்டுத்தான் பிளாட்பார விளிம்பு, தூண், சுரங்க வாய் எதுவும். நேர்த் தண்டவாளத்தில் அளந்த இடைவெளியை வளைவிலும் வைத்தால் முதல் நாளே இடிக்கும்.

பிளாட்பார உயரத்தைத் தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து அளக்க வேண்டும், பலகையிலிருந்து அல்ல. ஐரோப்பிய ஒன்றியத் தரநிலையில் 550, 760 மி.மீ என இரண்டு உயரங்கள். 760 என்பது எச்.ஓ.வில் 8.7. தண்டவாளத்தின் அடியில் 3 மி.மீ கார்க், சுமார் 2 மி.மீ ஸ்லீப்பர், 2.5 மி.மீ தண்டவாளம் இருந்தால், பலகையிலிருந்து பிளாட்பாரம் ஏறக்குறைய 16 மி.மீ உயரம். கட்டடம் அதன் மேல் நிற்பதால் பிளாட்பார அட்டையில் 120-க்கு 70 ஓட்டை வெட்டி, சுவரின் அந்த 4 மி.மீயை அதற்குள் இறக்குங்கள்.

விளக்கு

12 வோல்ட் டி.சி.யில் ஒரு வெள்ளை எல்.இ.டி.க்கு 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர். 4 மில்லி ஆம்பியர் ஓடும். அதுவே சின்ன அறைக்கு அதிகம், 4.7 கிலோ ஓம் போட்டால் இரவு விளக்கு மாதிரி இதமாக இருக்கும். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். சாதாரண கன்ட்ரோலரில் ரயில் வேகம் கூடக் குறைய விளக்கும் கூடக் குறையும். தனி அடாப்டர் வையுங்கள். சுவரின் உள்பக்கம் முழுவதும் முதலில் கறுப்பு, அதன் மேல் வெள்ளை அடியுங்கள். இல்லாவிட்டால் ஒளி அட்டையையே ஊடுருவி, சுவர் முழுவதும் காகித விளக்கு மாதிரி ஒளிரும்.

கை படும் இடம்

குடும்பத்தில் எல்லோரும் ஓட்டும் ரயில் என்றால் கட்டடங்கள் அடி வாங்கும். முதலில் உடைவது மழைநீர்க் குழாய், புகைபோக்கி, விளக்குக் கம்பம். இவற்றை பிளாஸ்டிக் குச்சியில் செய்யாமல் 0.8 மி.மீ பித்தளைக் கம்பியில் செய்து, சுவரில் துளையிட்டு நுழைத்துவிடுங்கள், வளைந்தாலும் நிமிர்த்தலாம். பலகையின் முன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் வைக்க வேண்டாம்.

கட்டடத்தைப் பலகையில் ஒட்டுவதற்குப் பதில், அடித்தளத்தில் இரண்டு மரக்குச்சி முளைகளும் பலகையில் இரண்டு துளைகளும் வைத்து நிறுத்துங்கள். பின்னால் தடம் புரண்ட பெட்டியை எடுக்கவும், தண்டவாளம் துடைக்கவும் கட்டடத்தைத் தூக்கி வைத்துவிடலாம். விளக்குக் கம்பியில் சிறு பிளக் ஒன்று இருந்தால் அறுபடாது. தூசியை மெல்லிய ஒப்பனைத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். ஓடு வரிகளுக்கு எதிராகக் கீழிருந்து மேலே தூக்கித் தேய்த்தால் தாள் ஓடுகள் நிமிர்ந்து கழன்றுவிடும்.